நனைந்தபோது மட்டும் தெரிந்த நீலம்: ஊரணிப் படகு ஒன்றின் மங்கிய மேற்பரப்பை மீட்ட நிகழ்வு

பின்னணி

தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில், கோயிலை அடுத்த பெரிய ஊரணியின் கரையில், பதினெட்டு அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உள்ள பைபர் படகு ஒன்று கிடந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்ட காலத்தில், 2005-இல் கட்டப்பட்ட படகு அது. தொண்டிப் பக்கம் ஆறு ஆண்டுகள் கடலில் ஓடிய பிறகு, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வெறும் உடலாக விற்றபோது, ஊர்க் காரியக்காரர்கள் 2011-இல் அதை வாங்கி ஊரணிக்குக் கொண்டுவந்தார்கள். மாசித் தெப்பத்துக்கு முன்னால் ஆகாயத்தாமரையையும் பாசியையும் அள்ளுவதற்கும், தெப்பத்தன்று நீந்தத் தெரிந்த நால்வரை ஏற்றிக்கொண்டு தெப்பத்தின் பின்னாலேயே செல்வதற்கும் அது பயன்பட்டது. ஆண்டில் இருபது நாள் நீரில் இருந்தால் அதிகம். மற்ற நாட்களில் இரண்டு பனங்கட்டைகளின் மேல், அணியம், அதாவது முன்முனை, வடக்கு நோக்கியிருக்க, வானம் பார்த்துக் கிடந்தது. கிழக்குப் பக்கம் ஒரு பூவரசு நிழல் தந்தது. மேற்குப் பக்கத்துக்கு எதுவும் இல்லை.

காரைக்குடியில் தண்ணீர்த் தொட்டி, கதவு, வண்டிகளின் பைபர் பாகங்கள் ஆகியவற்றைச் செய்தும் பழுது பார்த்தும் கொடுக்கும் எங்கள் பட்டறைக்கு அந்தப் படகு 2023 ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம், சிறு லாரியில் வந்தது. தெப்பத்துக்கு அப்போது ஆறு வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. காரியக்காரர்கள் கேட்டது எளிமையான ஒன்றுதான்: சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்ட படகு பழையபடி நீலமாக வேண்டும். உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவர் இரண்டே நாளில் எனாமல் அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்ததால், அதைவிட எங்கள் வழி எந்த வகையில் மேல் என்று அவர்கள் கேட்டதும் நியாயமானதே.

படகைப் பார்த்த முதல் நாள்

பக்கச்சுவரில் விரலை அழுத்தி இழுத்தால் விரல்நுனியில் வெள்ளை மாவு ஒட்டியது. மேற்குப் பக்கத்தில் இது கடுமையாகவும், பூவரசின் நிழல் விழுந்த கிழக்குப் பக்கத்தில் மிதமாகவும் இருந்தது. நீர்மட்டம் நிற்கும் இடத்தில், உடலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குச் செம்மண்ணும் இலைச்சாறும் ஏறிய பழுப்புப் பட்டை இருந்தது. மேல்விளிம்பிலும் முன்தளத்திலும் நீலம் அறவே போய், உள்ளேயிருக்கும் கண்ணாடியிழைப் பாயின் இழைகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. உச்சிவெயில் நேரே விழும் பரப்புகள் அவை.

இவற்றைவிட முக்கியமான மூன்று சோதனைகளை அன்றே செய்தோம். முதலாவது, நீர்ச் சோதனை. ஒரு கை அகல இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, இரு பக்கச்சுவர்களிலும் ஆழ்ந்த நீலம் உடனே எழுந்து வந்தது. ஈரம் காயக் காய, ஓரங்களிலிருந்து உள்நோக்கி வெள்ளை திரும்பியது. மேல்விளிம்பிலும் முன்தளத்திலும் நீர் பட்டும் நீலம் வரவில்லை. சாம்பல் நிறம் சற்றுக் கறுத்தது, அவ்வளவே. இரண்டாவது, காசால் தட்டிப் பார்ப்பது. உடல் முழுவதும் இறுக்கமான ஓசை கேட்டது. எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகையின் ஒரு மூலையில் மட்டும் ஓசை மழுங்கியது. அது அடுக்குகள் பிரிந்த இடம். அதைத் தனியே திறந்து கட்டினோம் என்பதற்கு மேல் இங்கே விரிக்கத் தேவையில்லை.

மூன்றாவது சோதனைதான் முடிவைத் தந்தது. கார் பெயிண்டின் கனத்தை அளக்க எங்களிடம் உள்ள கருவி உலோகத்தின் மேல் மட்டுமே வேலை செய்யும். கண்ணாடியிழையின் மேல் அது எதையும் சொல்லாது. ஆகவே அணியத்தில் கயிறு கட்டும் வளையத்தின் அடித்தகட்டைத் திருகு கழற்றி எடுத்தோம். தகட்டின் அடியில், உள்ளங்கையில் பாதி அளவுக்கு, பதினெட்டு ஆண்டுகளாக வெயில் காணாத நீலம், அச்சிலிருந்து அன்று எடுத்ததுபோல் முகம் தெரியப் பளபளத்தது. திருகுத் துளையின் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது நீலப் பூச்சு தனி அடுக்காகத் தெரிந்தது. அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். தகட்டுக்கு வெளியே, கைப்பிடிச் சட்டம் ஒன்று பிய்ந்துபோன பழைய துளை ஒன்றில் அதே அடுக்கு கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தாலும், போதிய அளவு மிஞ்சியிருந்தது. தேய்க்க இடம் உண்டு, ஆனால் ஒருமுறைதான் தாராளமாகத் தேய்க்க முடியும் என்று அப்போதே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மங்கலின் காரணமும் ஆத்தங்குடிக் கல்லும்

“பைபருக்குத்தான் துரு கிடையாதே, பிறகு எப்படி இப்படி ஆகும்?” என்று காரியக்காரர்களில் மூத்தவர் கேட்டார். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் எங்கள் காரைக்குடியில் உலோக அரிப்பைப் பற்றி யாருக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைபரின் மூப்பு வேறு வகையானது. அதை அவருக்கு, வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கொண்டுதான் விளக்கினேன். ஏனெனில் இரண்டும் ஒரே முறையில் பிறப்பவை.

ஆத்தங்குடிக் கல் செய்பவர், கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, முதலில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்; அதன் மேல்தான் மணலும் சிமெண்டும் ஏறுகின்றன. நாம் காலால் மிதிக்கப்போகும் முகம் முதலில் பிறக்கிறது, முதுகு பிறகு. கல்லை நீரில் ஊறவைத்துப் பதப்படுத்திக் கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போது, கண்ணாடியின் மழமழப்பு கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. பைபர் படகும் அப்படியே. மெழுகு பூசிய அச்சின் உட்புறத்தில் முதலில் நிறமேற்றிய பாலியெஸ்டர் பிசினை, அதாவது ஜெல்கோட்டை, பூசுகிறார்கள். அது பாதி இறுகியதும் கண்ணாடியிழைப் பாயையும் ரெசினையும் மாறி மாறி ஏற்றுகிறார்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது அச்சின் பளபளப்பு ஜெல்கோட்டில் பதிந்து வருகிறது. ஆகவே படகின் பளபளப்பு மேலே அடித்த பெயிண்டால் வந்ததன்று; அரை மில்லிமீட்டர் தோலின் சொந்த முகம் அது.

வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள், காற்றும் ஈரமும் துணைசெய்ய, அந்தப் பிசினின் பிணைப்புகளை மேலிருந்து சிறிது சிறிதாக அறுக்கின்றன. பிசின் தேய்ந்து உதிரும்போது, அது பிடித்துவைத்திருந்த நிறப்பொடி பிடிமானமின்றி மாவாகிறது. பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுகின்றன. அந்தக் குழிகளில் பட்ட ஒளி நாலாபுறமும் சிதறுவதால்தான் நீலம் வெள்ளையாகத் தெரிகிறது. நீர் ஊற்றினால் குழிகள் நிரம்பி ஒளி நேராகத் திரும்புவதால் நீலம் வருகிறது. நீலம் அடியில் இருக்கிறது, அதன் மேல் செத்த தோல் படர்ந்திருக்கிறது என்பதே நீர்ச் சோதனையின் பொருள். நீர் பட்டும் நிறம் வராத இடத்தில் தோலே இல்லை.

மூத்தவருக்கு இது உடனே விளங்கியது. தம் வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கத்தைச் சொல்லி, படகுக்கும் எண்ணெய்தானே போட்டார்கள் என்றார். அதுவரை எங்களிடம் யாரும் சொல்லாத செய்தி அது.

எண்ணெயின் கதை

படகைப் பார்த்துக்கொள்பவர் தொண்டிக் கரையில் மரவள்ளங்களோடு வளர்ந்தவர்; அறுபதைக் கடந்தவர். மரத்துக்கு மீன் எண்ணெய் பூசினால் அது நீரைத் தாங்கும் என்பது அவருடைய அனுபவ அறிவு. மரத்தைப் பொறுத்தவரை அது சரியானதும்கூட. அதே பரிவோடு இந்தப் படகுக்கும் ஒவ்வொரு தெப்பத்துக்கு முன்பும் எண்ணெய் பூசி வந்திருக்கிறார். “பூசின அன்னைக்குப் புதுப் படகு மாதிரி இருக்கும் தம்பி. பத்து நாள்ல மறுபடி வெளுத்துரும்” என்றார். நீர் செய்ததையே எண்ணெயும் செய்தது: நுண்குழிகளை நிரப்பி நிறத்தைக் காட்டியது, பிறகு வெயிலில் காய்ந்து, பிசுபிசுத்து, ஊரணிக்கரைச் செம்புழுதியைப் பிடித்துவைத்தது. கடைகளில் விற்கும் சிலிக்கான் கலந்த வண்டிப் பாலிஷும் இதே வகையில்தான் கண்ணை ஏமாற்றும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை அறிந்ததும் இரண்டு செய்திகள் தெளிவாயின. எண்ணெய் ஊறிய பரப்பில் எனாமல் அடித்தால் அது பிடிக்காது. பிடித்த இடத்திலும் மீன்கண் போன்ற வட்டக் குழிகள் விழும். மாவு படிந்த பரப்பின் மேல் அடிக்கும் எந்தப் பெயிண்டும் மாவோடு சேர்ந்தே உரிந்து வரும் என்பது தனி. இரண்டாவதாக, எண்ணெயை எடுக்காமல் உப்புத்தாளை வைத்தால், தேய்க்கும் கையே எண்ணெயைப் புதிய கீறல்களுக்குள் ஆழ அழுத்திவிடும். ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கழுவுதல்.

மூன்று வழிகளில் எது

காரியக்காரர்கள் முன் மூன்று வழிகளை வைத்தோம். படகு முழுவதையும் உரசிப் பெயிண்ட் அடிப்பது ஒன்று. முழுவதையும் தேய்த்து மெருகேற்றுவது இன்னொன்று. நீர்ச் சோதனையில் நீலம் வந்த பரப்புகளைத் தேய்த்து மீட்டு, வராத மேல்விளிம்புக்கும் முன்தளத்துக்கும் மட்டும் ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபகுதிப் பாலியூரித்தேன் பெயிண்ட் அடிப்பது மூன்றாவது. மூன்றாவதைப் பரிந்துரைத்தோம். அதில் இருவேறு பளபளப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்ற குறையைக் காரியக்காரர்களில் ஒருவர் எடுத்துக்காட்டினார். அது உண்மையான குறை; மறைக்கவில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஜெல்கோட்டின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டால், அதன்பின் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க நேரும். இல்லாத ஜெல்கோட்டைத் தேய்த்தால் இழைதான் வெளிவரும். இந்த விளக்கத்துக்குப் பிறகு, விளிம்பை வெள்ளையாக்கிவிடலாம், அப்போது வேறுபாடு திட்டமிட்ட கரைபோலத் தெரியும் என்ற யோசனையை அவர்களே தந்தார்கள். சேலைக்குக் கரை போட்டுப் பழகிய ஊர்க்காரர்கள் அல்லவா. அந்த யோசனை எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

கழுவுதலும் கறை நீக்கலும்

முதல் மூன்று நாட்கள் கழுவுவதிலேயே சென்றன. சோப்புநீரால் இருமுறை கழுவிக் காயவிட்ட பிறகு, எண்ணெய் நீக்கும் கரைப்பானில் நனைத்த துணியால் ஒருவர் துடைத்துச் செல்ல, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் மற்றொருவர் பின்தொடர்ந்து எடுத்தார். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே ஒழியப் போகாது. துணியில் மஞ்சள் படிவது நிற்கும்வரை, ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு முறை இதைச் செய்தோம்.

நீர்மட்டப் பட்டையின் பழுப்புக் கறைக்கு, மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுவோர் பயன்படுத்தும் ஆக்சாலிக் அமிலப் பொடியை நீரில் கரைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துக் கழுவினோம். இரும்புச் சத்துள்ள செம்மண் கறைக்கும் இலைக் கறைக்கும் அது ஏற்றது. தேய்ப்பு தேவையில்லாமலே பட்டையின் பெரும்பகுதி போய்விட்டது. அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. கழுவிய நீரைத் தனித் தொட்டியில் பிடித்துச் சுண்ணாம்பு கலந்து செயலிழக்கச் செய்தோம். இதே வேலையை ஊரணிக் கரையில் செய்யச் சொன்னால் மறுத்திருப்போம். ஆடுமாடு குடிக்கும் நீர் அது.

தேய்ப்பு

எந்த எண் உப்புத்தாளில் தொடங்குவது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி; எண் கூடக் கூடத் தாள் நயமாகும். மேற்குப் பக்கத்தில் மறைவான ஓரிடத்தில், ஒரு சாண் அளவில் நான்கு கட்டங்களை நாடா ஒட்டிப் பிரித்தோம். முதல் கட்டத்தில் ரப்பிங் காம்பவுண்டு என்ற மெருகுப் பசை மட்டும். இரண்டாவதில் 1500 எண் வாட்டர் பேப்பருக்குப் பிறகு காம்பவுண்டு. மூன்றாவதில் 1000, 1500, 2000 என மூன்று தாள்களுக்குப் பிறகு காம்பவுண்டு. நான்காவதில் 600-இல் தொடங்கினோம். பகல் வெளிச்சத்தில் நான்கும் பளபளத்தன. மாலையில் டியூப் லைட்டைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் முதல் கட்டத்தில் பால் கலந்ததுபோல் ஒரு மங்கல் மிஞ்சியிருப்பது தெரிந்தது. இரண்டாவதில் அது குறைந்திருந்தது. மூன்றாவதில் விளக்கின் குழல் ஓரம் பிசிறின்றித் தெரிந்தது. நான்காவது மூன்றாவதைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. தோலைத்தான் கூடுதலாகச் செலவழித்திருந்தது. ஆகவே மேற்குப் பக்கத்துக்கு 1000-இலும், கிழக்குப் பக்கத்துக்கு 1500-இலும் தொடங்குவது என முடிவு செய்தோம். மிஞ்சியிருக்கும் தோல் திரும்ப வளராது என்பதால், வேலை முடியக்கூடிய தாள்களில் மிக நயமானது எதுவோ அதையே எடுக்க வேண்டும்.

இரண்டு அடிக்கு இரண்டு அடி எனப் பக்கங்களைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் குறுக்குக் கோடுகள் இழுத்து, ரப்பர் கட்டையில் சுற்றிய தாளால் சோப்புநீர் தெளித்துத் தேய்த்தோம். வெறும் விரலால் தாளை அழுத்தினால் விரல் படும் இடம் பள்ளமாகும். கட்டை அதைத் தடுக்கும். பென்சில் கோடு சீராக அழிவது பரப்பு சீராகத் தேய்கிறது என்பதற்கு அடையாளம். அதைவிட நம்பகமான அடையாளத்தை வழியும் குழம்பு காட்டியது. முதலில் அது அரிசி கழுவிய நீர்போல் வெண்மையாக வழிந்தது. முப்பது நாற்பது இழுப்புகளுக்குப் பிறகு அதில் நீலம் கலக்கத் தொடங்கியது. முழு நீலமானதும் கையை எடுத்துவிட வேண்டும். செத்த தோல் முடிந்து உயிருள்ள தோல் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். பட்டறைப் பையன்கள் இருவரும் இரண்டாம் நாளிலிருந்து நான் சொல்லாமலே குழம்பின் நிறத்தைப் பார்த்துக் கையை எடுக்கத் தொடங்கினார்கள்.

தேய்த்து முடித்த படகு, கொண்டுவந்த நாளைவிட மோசமாக, ஒரே மங்கலாகத் தெரியும். அன்று பார்க்க வந்த காரியக்காரர் திகைத்துப்போனார். முன்கூட்டியே சொல்லிவைக்காதது எங்கள் தவறு.

மெருகேற்றும் எந்திரத்தை நிமிடத்துக்கு 1200 முதல் 1500 சுற்றுக்குள் வைத்து, முதலில் கம்பளி வட்டிலும் பிறகு பஞ்சு வட்டிலும் வேலை செய்தோம். தை மாதப் பனி காய்ந்த பிறகு, எட்டரை மணி முதல் பதினொன்று வரையும், மாலை மூன்றரைக்கு மேலும் மட்டுமே, தகரக் கொட்டகைக்குள். பரப்பு சூடாக இருந்தால் காம்பவுண்டு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க மறுபடி தேய்க்க நேரும்.

ஏராவின் ஓரத்தில் நேர்ந்த பிழை

ஒன்பதாம் நாள் மாலை, அணியத்தில் இரு பக்கங்களும் கூடி ஏராவாக, அதாவது படகின் அடி முதுகெலும்பாக, இறங்கும் கூர்மையான ஓரத்தில் கம்பளி வட்டு ஒரே இடத்தில் சில நொடிகள் நின்றுவிட்டது. எந்திரத்தைப் பிடித்திருந்த இளைஞர் உடனே எடுத்துவிட்டார். ஆனால் ஒரு விரல் நீளத்துக்கு நீலம் போய், அடியில் இழை தெரிந்தது. எந்தப் படகிலும் ஓரங்களில்தான் ஜெல்கோட்டு மெலிதாக இருக்கும். எந்திரத்தின் சூடும் அழுத்தமும் அங்கேதான் குவியும். அந்த ஓரங்களை நாடா ஒட்டி மறைத்துவிட்டு, கடைசியில் கையால் மட்டும் மெருகேற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த முறை. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக நாடா ஒட்டச் சொல்லாமல் விட்டவன் நான். இளைஞர் பிழையன்று அது.

பழுது பார்க்க ஒன்றரை நாள் ஆயிற்று. இடத்தை உரசி, அசிட்டோனால் துடைத்து, வெள்ளை ஜெல்கோட்டில் நீல நிறப்பசையைச் சிறிது சிறிதாகக் கலந்து, வளையத் தகட்டின் அடியில் கண்ட நீலத்தோடும் புதிதாக மெருகேறிய பக்கத்தோடும் ஒப்பிட்டு நிறத்தைப் பிடித்தோம். மங்கிய படகின் நிறத்துக்கு ஒப்பிட்டுக் கலந்தால், மெருகேறிய பிறகு அது வெளிறித் தெரியும். நூறு கிராம் ஜெல்கோட்டுக்கு, அதை இறுகச் செய்யும் ஹார்டனர் இரண்டு மில்லி சேர்த்துப் பூசினோம். ஜெல்கோட்டு காற்றுப் படும் பக்கத்தில் முழுமையாக இறுகாமல் பிசுபிசுக்கும் தன்மையுள்ளது என்பதால், அதன் மேல் ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் தாளை இழுத்து ஒட்டி, குமிழ் இல்லாமல் அழுத்திவிட்டோம். மறுநாள் தாளை உரித்தபோது, கண்ணாடியிலிருந்து பிரிந்த ஆத்தங்குடிக் கல்போல, தாளின் வழவழப்பு ஒட்டில் வந்திருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையை எழுதாமல் போக முடியாது. இறுகுவதை விரைவுபடுத்த ரெசினில் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்குக் கேடு. எங்கள் பட்டறையில் இரண்டு புட்டிகளும் வெவ்வேறு அலமாரிகளில் இருக்கின்றன.

விளிம்பு, மெழுகு, கொட்டகை

மேல்விளிம்புக்கும் முன்தளத்துக்கும் எப்பாக்சி பிரைமர் இருமுறை, அதன் மேல் வெள்ளைப் பாலியூரித்தேன் இருமுறை உருளையால் பூசினோம். இந்தப் பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட்டு மூச்சுக்குழாயைக் கெடுக்கும் என்பதால், தெளிப்பானைப் பயன்படுத்தவில்லை. உருளையின் மெல்லிய சொரசொரப்பு முன்தளத்தில் கால் வழுக்காமல் இருக்கவும் உதவியது.

மெருகேறிய நீலத்தின் மேல் கார்னாபா மெழுகை மூன்று பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பூசித் துடைத்தோம். பளபளப்பைத் தருவது மெழுகு அன்று. தேய்ப்பில் வந்த பளபளப்பை வெயிலிடமிருந்து சில மாதங்களுக்குக் காப்பதே அதன் வேலை. மெழுகு தீர்ந்தால் பழைய கதை மறுபடி தொடங்கும். ஆகவே கூலியைப் பேசியபோதே, படகுக்கு நிழல் போட்டால்தான் வேலையை எடுப்போம் என்று சொல்லியிருந்தோம். முன்பு சில காலம் அவர்கள் நீல நிறத் தார்ப்பாய் ஒன்றைப் படகின் மேல் நேரடியாகப் போர்த்தி வைத்திருந்தார்கள். அது காற்றில் அடித்து உரசியதோடு, அடியில் ஈரத்தையும் பூட்டிவைத்தது. இப்போது நான்கு பனங்கால்கள் நட்டு, படகுக்கும் கூரைக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும்படி தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டார்கள். பனங்கட்டைகளின் மேல் பழைய டயர் துண்டுகளை ஆணியடித்து அதன் மேல் படகை ஏற்றினோம். தெப்பத்துக்கு எட்டு நாட்களுக்கு முன்பே படகு ஊருக்குத் திரும்பியது.

பதினான்கு மாதங்களில் கண்டவை

2023 மாசித் தெப்பத்தன்று இரவு, தெப்பத்தின் சீரியல் விளக்குகள் படகின் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக ஓடியதை நானே கரையில் நின்று பார்த்தேன். அது வேலை முடிந்த சூட்டில் கிடைத்த காட்சி. அதைக் கொண்டு வேலையை எடைபோட முடியாது. மழைக்காலமும் அடுத்த தெப்பமும் கடந்த பிறகு, 2024 ஏப்ரலில் சென்று பார்த்ததுதான் கணக்கு.

கிழக்குப் பக்கத்தில் விரலை இழுத்தபோது மாவு சிறிதும் வரவில்லை. நீர் ஊற்றினால் முத்து முத்தாகத் திரண்டு ஓடியது. மேற்குப் பக்கத்தின் பின்பாதியில், மாலைச் சாய்வெயில் கொட்டகைக்குள் நுழையும் இடத்தில், பளபளப்பு குறைந்து, நீர் திரளாமல் பரவியது; விரலில் மிக மெல்லிய படிவு வந்தது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசச் சொல்லியிருந்தோம். புரட்டாசியில் ஒருமுறை பூசியிருக்கிறார்கள். அடுத்த தெப்பத்துக்கு முன் பூச வேண்டியதை விட்டுவிட்டார்கள். ஏரா ஓரத்து ஒட்டு, தெரிந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஒட்டின் நீலம் சுற்றியுள்ள நீலத்தைவிட ஒரு படி வெளிறியிருந்தது. வேறு தொகுதி நிறப்பசை வேறு வேகத்தில் மங்கும். வெள்ளை விளிம்பில், பாசி அள்ளும்போது மூங்கில் கழி சாய்த்து வைக்கும் இரண்டு இடங்களில் பெயிண்ட் பெயர்ந்து பிரைமர் தெரிந்தது.

படகைப் பார்த்துக்கொள்பவர் எண்ணெய்ப் பூச்சை அறவே நிறுத்திவிட்டார். கொட்டகையின் கீற்றைத் தம் செலவில் ஒருமுறை மாற்றியும் இருக்கிறார். கேட்டபோது, “நிழல்ல கெடந்தா மனுசனுக்கே நல்லதுதானே” என்றார்.

மறுமுறை செய்தால்

கூர்மையான ஓரங்கள் அனைத்துக்கும் முதல் நாளே நாடா ஒட்டப்படும். எந்திரம் ஓடும்வரை அது எடுக்கப்படாது. இது இப்போது பட்டறையின் எழுதப்பட்ட விதி. படகு எங்கே, எந்தத் திசையில் கிடக்கிறது என்பதை வேலைக்கு முன்பே நேரில் போய்ப் பார்ப்பேன். பார்த்திருந்தால், மேற்குப் பக்கத்தில் ஒரு கீற்றுத் தட்டியும் அன்றே கட்டச் சொல்லியிருப்பேன். கழி சாயும் இடங்களில் பெயிண்டை மட்டும் நம்பாமல், ரப்பர் பட்டை ஒன்றைத் திருகி வைப்பேன். மெழுகு பூசும் நாளை ஆறு மாதக் கணக்கில் சொல்லாமல், புரட்டாசியில் நவராத்திரிக்கு முன்னும், தைப்பூசத்தன்றும் என்று ஊர் நாட்காட்டியோடு சேர்த்துச் சொல்வேன். மறக்காமல் இருக்க அதுவே வழி. நிறத்தைப் பொறுத்தவரை, ஒட்டுக்குப் பயன்படுத்திய பசையின் ஒரு சிறு புட்டியை முத்திரையிட்டுக் காரியக்காரர்களிடமே கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

ஏப்ரலில் சென்றபோது மேற்குப் பக்கத்தின் பின்பாதிக்கு நயமான காம்பவுண்டை மட்டும் கையால் இட்டு, இருமுறை மெழுகு பூசினோம். எந்தத் தாளையும் தொடவில்லை. புறப்படுவதற்கு முன் அணியத்து வளையத்தின் தகட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் நீலத்தையும் வெளியே இருக்கும் நீலத்தையும் சேர்த்துப் பார்த்தோம். மேற்குப் பக்கம் ஓர் இழை வெளிறியிருந்தது. கிழக்குப் பக்கத்தில் தகட்டின் ஓரக்கோடு எங்கே இருந்தது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்தத் தகட்டை இப்போது நான்கு திருகுக்குப் பதிலாக இரண்டு திருகால் மாட்டியிருக்கிறோம். அடுத்த தெப்பத்துக்கு முன் மறுபடி கழற்ற வேண்டும்.